இரண்டாவது போர் விமானத்தில் ஏறியதும் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகத் தீர்க்கும் முறை

கணினியில் ஓடும் விமானச் சிமுலேட்டரில் மஸ்டாங் என்ற பழைய போர் விமானத்தை ஓராண்டு ஓட்டித் தேறிய ஒருவர், அதே காலத்து ஸ்பிட்ஃபயரில் ஏறிய முதல் நாளிலேயே ஐந்து முறை ஓடுதளத்தின் இடப்புறப் புல்லில் போய் விழுந்தால், தனக்கு இது கைவராது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். அவருடைய கைகால்கள் மிக நன்றாகவே கற்றிருக்கின்றன. கற்றது மட்டும் இன்னொரு விமானத்தை. இரண்டாவது விமானத்தில் தோன்றும் கோளாறுகளில் பெரும்பகுதி, முதல் விமானம் நம் உடம்பில் விட்டுச்சென்ற பழக்கங்கள் என்பதை நானும் என் அண்ணன் மகனும் மதுரை வில்லாபுரத்து மாடியறையில் மாதக்கணக்கில் விழுந்து எழுந்து தெரிந்துகொண்டோம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்து, அது கருவியால் வந்ததா, விமானத்தின் இயல்பா, பழைய பழக்கமா என்று பிரித்துப் பார்க்கும் வகையில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது டிசிஎஸ் சிமுலேட்டர். முதல் விமானம் பி-51டி மஸ்டாங், இரண்டாவது ஸ்பிட்ஃபயர் மார்க் 9. வேறு இணையை வைத்திருப்பவர்களுக்கும் பிரித்தறியும் முறை இதுவேதான்.

இரண்டாவதாக எந்த விமானத்தை வாங்குவது என்று முடிவாகவில்லை

ஒரே நேரத்தில் எத்தனை பொருள்கள் மாறுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். மஸ்டாங்கில் இருப்பது அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த மெர்லின் எஞ்சின். ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இல் இருக்கும் மெர்லின் 66 அதன் நெருங்கிய உடன்பிறப்பு. இரண்டிலும் வேகமானி மணிக்கு மைல் என்றே காட்டுகிறது, இரண்டிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை போகிறது, இரண்டிலும் புரொப்பெல்லர் விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எஞ்சினை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதால், சக்கரம், பிரேக், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை), ஸ்டிக் என்ற கைக்கோலின் கனம் ஆகியவற்றை மட்டும் புதிதாகக் கற்றால் போதும். தவறு நேர்ந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் எளிது.

மஸ்டாங்கிலிருந்து நேரே ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குப் போகிறவருக்கு வேக அலகு கிலோமீட்டராகிறது, எஞ்சின் அழுத்தம் ‘ஆட்டா’ என்ற வேறோர் அளவாகிறது, வால் சக்கரத்தைத் தனி நெம்புகோல் பூட்டுகிறது, கையை எடுத்தாலும் விமானம் நேராகப் போகும்படி சமன்செய்யும் டிரிம் சக்கரங்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகின்றன. இவ்வளவும் ஒரே நாளில் மாறினால் எந்த விபத்துக்கு எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. அது அருமையான விமானம், ஐயமில்லை. மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

இந்திய வான்படையின் மேல் உள்ள பற்றினால் இந்தத் துறைக்கு வந்தவர்களுக்கு ஸ்பிட்ஃபயரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நம் படை மஸ்டாங்கை ஒருபோதும் வைத்திருந்ததில்லை. ஸ்பிட்ஃபயர்களோ 1947 இறுதியில் காஷ்மீர்ப் போரில் ஸ்ரீநகரிலிருந்தே பறந்தன.

காசு கொடுக்குமுன் டிசிஎஸ் தரும் 14 நாள் இலவச முன்னோட்டத்தைப் பயன்படுத்துங்கள். அதைத் தேர்வு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ, நாள்தோறும் அமரக்கூடிய இரண்டு வாரங்களில் தொடங்க வேண்டும். இடையில் வேலை வந்துவிட்டால் அந்தப் பதினான்கு நாளும் வீணாகும்.

ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் துள்ளுகிறது, அல்லது த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தலைகீழாக இருக்கிறது

பறத்தலைப் பற்றி எதையும் யோசிக்குமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். டிசிஎஸ் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேமிக்கிறது. புதிய விமானத்தைத் திறந்ததும், கணினியில் செருகப்பட்டிருக்கும் எல்லாக் கருவிகளின் அச்சுகளையும் (முன்பின், இடவல அசைவு ஒவ்வொன்றும் ஓர் அச்சு) அது தானாகவே ஏதாவதொன்றுக்கு ஒதுக்கிவிடும். அதனால் த்ராட்டில் பெட்டியின் ஓர் அச்சு ஸ்டிக்கோடு சேர்ந்து மூக்கை ஏற்றி இறக்கும். பெடலின் ஒரு பக்கம் சாய்வையும் சேர்த்து இழுக்கும். நீங்கள் ஒன்றைச் சொல்ல இரண்டு கருவிகள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அச்சு ஒதுக்கீட்டுப் பக்கத்தைத் திறந்து, மூக்கு, சாய்வு, ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை), த்ராட்டில் ஆகிய நான்கு வரிசைகளிலும் கருவிக்கு ஒன்றாகக் கண்ணை ஓட்டுங்கள். ஒரு வரிசையில் இரண்டு கருவிகள் நிரம்பியிருந்தால் வேண்டாததை நீக்குங்கள். த்ராட்டிலை முன்னே தள்ளும்போது திரையில் நெம்புகோல் பின்னே வந்தால், அச்சின் திசையைத் திருப்பும் கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும்.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பழைய போர் விமானங்களுக்கான சிறப்பு அமைப்புகளில் ‘புறப்பாட்டு உதவி’, ‘தானியங்கி ரட்டர்’ என்ற இரண்டு வசதிகள் உண்டு. மஸ்டாங்கில் அவை இயக்கத்தில் இருந்து, ஸ்பிட்ஃபயரில் அணைந்திருந்தால், உங்கள் ஓராண்டுப் புறப்பாடுகளில் பாதியைக் கணினிதான் செய்திருக்கிறது என்று பொருள். இரண்டிலும் அணைத்துவிட்டு, முதலில் மஸ்டாங்கிலேயே பத்துப் புறப்பாடுகள் செய்து பாருங்கள். அங்கே தடுமாறினால் ஸ்பிட்ஃபயரைக் குறை சொல்ல இடமில்லை.

தரையில் திரும்ப மறுக்கிறது, அல்லது மூக்குக் குத்திக் கவிழ்கிறது

இங்கே இரண்டு விமானங்களும் முற்றிலும் வேறு. மஸ்டாங்கில் ஒவ்வொரு பெடலின் மேல்பகுதியையும் கால்விரலால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் நிற்கும். ஸ்பிட்ஃபயரில் கால்விரலுக்கு வேலையே இல்லை. ஸ்டிக்கின் வட்டப் பிடியில் ஒரே ஒரு பிரேக் நெம்புகோல் இருக்கிறது, சைக்கிள் பிரேக் போல. அதை அழுத்தியபடி பெடல் நடுவில் இருந்தால் இரு சக்கரங்களும் பிடிக்கும். இடப் பெடலை மிதித்தால் இடச் சக்கரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். இதை இயக்குவது அழுத்தக் காற்று. அழுத்திக்கொண்டே இருந்தால் காற்று இருப்புக் குறையும், அதைக் காட்டும் மானி பலகையிலேயே இருக்கிறது.

கவிழ்வதற்கு வழக்கமான காரணம், அந்த நெம்புகோலை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கியிருப்பது. பொத்தானுக்கு அழுத்தினால் முழுமை, விட்டால் வெறுமை. ஸ்பிட்ஃபயரின் எடை பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கு அருகிலேயே இருப்பதால், முழு பிரேக் விழுந்த நொடியில் வால் எழும்பிப் புரொப்பெல்லர் மண்ணைக் கிளறும். பிரேக்கை அவசியம் ஓர் அச்சுக்கு ஒதுக்குங்கள்: பெடலின் ஒரு கால்விரல் அச்சோ, த்ராட்டில் பெட்டியில் உள்ள சிறு சக்கரமோ எதுவானாலும் சரி. ஸ்டிக்கை முழுவதும் பின்னால் வைத்து, காலை முதலில் கொடுத்து, பிறகு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டை என் அண்ணன் மகன்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தான். “சித்தப்பா, மஸ்டாங்ல மாதிரியே ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்துத்தான் புடிச்சிருக்கேன், அப்புறமும் வாலு சுத்துது” என்றான். மஸ்டாங்கில் ஸ்டிக்கைப் பின்னே இழுத்தால் வால் சக்கரம் பூட்டிக்கொண்டு, இருபுறமும் 6 பாகை மட்டுமே திரும்பும். ஸ்டிக்கை முன்னே தள்ளினால்தான் பூட்டு விடுபடும். ஸ்பிட்ஃபயரின் வால் சக்கரத்துக்குப் பூட்டே கிடையாது. அது நாற்காலிச் சக்கரம் போல எந்தப் பக்கமும் சுழலும். அவன் இல்லாத பூட்டை நம்பிக்கொண்டிருந்தான். நேராக நிறுத்துவது முழுக்க உங்கள் காலின் பொறுப்பு.

வேகம் பிடித்ததும் இடப்பக்கம் இழுக்கிறது

பெரும்பாலோர் கைவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

இழுப்புக்குக் காரணங்கள் நான்கு. எஞ்சின் புரொப்பெல்லரை வலப்பக்கம் சுற்ற, உடல் இடப்பக்கம் சாயப் பார்த்து இடச் சக்கரத்தை அழுத்துகிறது. புரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வந்து செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் தரையில் இருக்கும்போது விமானம் அண்ணாந்து நிற்பதால், கீழிறங்கும் வலப்பக்க இலை மேலேறும் இலையைவிட அதிகம் இழுக்கிறது. நான்காவதுதான் எதிர்பாராதது: வாலைத் தூக்கும் கணத்தில், சுழலும் பெரும் புரொப்பெல்லர் ஒரு பம்பரம் போல நடந்துகொண்டு மூக்கை இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. இந்த நான்கும் மஸ்டாங்கிலும் உண்டு. ஆனால் மஸ்டாங்கின் இரு முன்சக்கரங்களுக்கும் இடையே 3.6 மீட்டர் அகலம், ஸ்பிட்ஃபயரில் 1.8 மீட்டர்கூட இல்லை. ஒன்று மன்னிக்கும் சாய்வை மற்றது மன்னிக்காது.

எந்த நொடியில் இழுக்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். த்ராட்டிலைத் தள்ளிய உடனே இழுத்தால், வேகமாகத் தள்ளிவிட்டீர்கள். மஸ்டாங்கில் எஞ்சின் அழுத்தத்தை 61 அங்குலம் வரை கொண்டுபோய்ப் பழகிய கை, இங்கேயும் அதே இடத்துக்கு நெம்புகோலைத் தள்ளுகிறது. ஸ்பிட்ஃபயர் இலகுவான விமானம். பயிற்சிக்கு +7 அல்லது +8 பூஸ்ட் (ஸ்பிட்ஃபயரில் எஞ்சின் அழுத்தத்தின் அளவு) தாராளமாகப் போதும். பத்து நொடி எடுத்துக்கொண்டு, சீராக, ஒரு மூச்சில் நீளமாகத் தள்ளுங்கள். ரட்டர் டிரிம்மை முழுவதும் வலப்பக்கம் வைத்துவிட்டுப் புறப்படுவது இந்த விமானத்தின் வழக்கம். மஸ்டாங்கில் ஐந்தாறு பாகை வைத்தவர்கள் இங்கும் அதே அளவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பாதி ஓட்டத்தில், வால் எழும் வேளையில் இழுத்தால், பம்பர விளைவுதான் காரணம். ஸ்டிக்கை முன்னே தள்ளி வாலை வெடுக்கென்று தூக்காதீர்கள். ஸ்டிக்கை நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் வால் தானாகவே மெல்ல எழும், இழுப்பும் மெல்ல வரும், காலுக்கு நேரம் கிடைக்கும்.

இடப்பக்கம் இழுத்து, திருத்தியதும் வலப்பக்கம் ஓடி, மறுபடியும் இடப்பக்கம் வந்தால், குறை உங்கள் காலில் இருக்கிறது. மிதித்த காலை உடனே எடுக்காமல் விமானம் நேராகும் வரை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மிதித்து, விட்டு, காத்திருந்து, மறுபடி மிதிக்க வேண்டும். நேராவதற்கு முன்பே கால் நடுவுக்கு வந்திருக்க வேண்டும்.

இதற்கு ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரட்டர் கொடுப்பது பெரும் தடை, ஏனெனில் மணிக்கட்டைத் திருகும்போது கை அறியாமலே சாய்வையும் கொடுத்துவிடுகிறது. கடையில் விற்கும் பெடல்களின் விலை எட்டாததால், நாங்கள் சிம்மக்கல் பக்கம் ஒரு தச்சரிடம் தேக்குத் துண்டுகளில் ஒரு ஏற்றப்பலகை போலச் செய்துகொண்டோம். அச்சில் ஒரு சிறு காந்தம், அதன் எதிரே காந்தத்தின் அசைவை உணரும் ஒரு ஹால் சென்சார், அதை யூஎஸ்பி வழியே கணினிக்குச் சொல்ல ஓர் ஆர்டுயினோ லியோனார்டோ பலகை. நடுவுக்கு இழுத்து வர முதலில் சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைப் போட்டோம். அது மிக விறைப்பாக இருந்ததால், நடுவைத் தாண்டுவதற்குக் கால் அழுத்தமாக உந்த வேண்டியிருந்தது. தாண்டியதும் பலகை ஓடிப்போய் மறுமுனையில் நின்றது. அந்த வாரம் முழுவதும் ஸ்பிட்ஃபயர் பாம்பு போல நெளிந்து ஓடியதற்கு அதுவே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சைக்கிள் டியூபை விரல் அகலப் பட்டையாக வெட்டி இருபுறமும் கட்டியதும் நெளிவு நின்றது. உங்கள் பெடலின் விறைப்பையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் வந்த கிரிஃபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். மார்க் 14 போன்றவற்றை இரண்டாவதாக எடுப்பவர்களுக்கு இந்தப் பகுதியில் உள்ள இடம், வலம் எல்லாம் மாறும். பழகிய கால்தான் அங்கே முதல் எதிரி. அக்காலத்து விமானிகளுக்கும் இதே தொல்லை இருந்தது.

மூக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது

ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) மிகவும் இலகு. இரண்டு விரலால் ஓட்ட வேண்டிய விமானம். அதன் ஸ்டிக் முழங்கால்களுக்கு நடுவே நீளமாக நிற்பது. மேசைமேல் நிற்கும் ஜாய்ஸ்டிக்கோ ஒரு சாண் உயரம்தான். அங்கே ஓர் அங்குல அசைவுக்கு இங்கே சில மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. அதனால் மூக்கு அச்சுக்கு, நடுவில் அசைவை மென்மையாக்கும் ‘வளைவு’ அமைப்பைக் கொடுங்கள். 15-இல் தொடங்கி, 20-க்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். அதிகம் வளைத்தால் நடு மந்தமாகி ஓரம் முரடாகிவிடும். சாய்வுக்கு வளைவு தேவையில்லை. அதிவேகத்தில் ஸ்பிட்ஃபயரின் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) கனத்துவிடும்.

மஸ்டாங்கில் இதே ஆட்டம் வந்தால் காரணம் வேறு. அதன் மொத்த உட்கொள்ளளவு 269 அமெரிக்கக் காலன்; அதில் 184 இறக்கைகளில், மீதி 85 விமானியின் முதுகுக்குப் பின்னால். பின் தொட்டி நிறைந்திருந்தால் எடை பின்னுக்குப் போய், இறுக்கமான திருப்பத்தில் ஸ்டிக் தானாகவே உங்கள் மடிக்கு வரும். எரிபொருளை 68 விழுக்காட்டுக்கு வைத்து, பின் தொட்டி காலிதானா என்று மானியில் பார்த்துவிட்டுப் பறந்தால் இந்த ஆட்டம் இருக்காது.

எஞ்சின் சூடாகிறது, அல்லது பழுதாகி நிற்கிறது

மஸ்டாங் அழுத்தத்தைப் பாதரச அங்குலமாகக் காட்டும். ஸ்பிட்ஃபயர், கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று காட்டும். மனக்கணக்கு எளிது: பூஸ்டை இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டுங்கள். +7 என்றால் 44 அங்குலம், +12 என்றால் 54, +18 என்றால் 66. இதைத் தெரிந்துகொண்டால் அந்நியமான மானி பழகிய எஞ்சினாகிவிடும்.

ஸ்பிட்ஃபயர் மார்க் 9-க்கு நினைவில் வைக்க வேண்டிய எல்லைகள் மூன்று: 2,650 சுற்றில் +7 எவ்வளவு நேரமும், 2,850 சுற்றில் +12 ஒரு மணி நேரம், 3,000 சுற்றில் +18 ஐந்து நிமிடம். மஸ்டாங்கில் 2,700 சுற்று, 46 அங்குலத்தில் நாள் முழுவதும் பறந்தவர்கள், மேற்சொன்ன கணக்கின்படி +8-இல் பறந்திருக்கிறார்கள். அதாவது இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே சோற்றைத்தான் உண்கின்றன. சக்தியைக் கூட்டும்போது முதலில் சுற்று, பிறகு பூஸ்ட். குறைக்கும்போது முதலில் பூஸ்ட், பிறகு சுற்று. வரிசை மாறினால் குறைந்த சுற்றில் மிகுந்த அழுத்தம் ஏறி எஞ்சின் கெடும்.

தரையில் நிற்கும்போதே சூடு ஏறுவது ஸ்பிட்ஃபயரின் இயல்பு. ரேடியேட்டர்கள் இறக்கைக்கு அடியில் இருப்பதால் நின்றபடி போதிய காற்றுக் கிடைப்பதில்லை. எஞ்சினைத் தொடங்குமுன்பே எல்லாச் சரிபார்ப்பையும் முடித்துவிட்டு, தொடங்கியதும் ஓடுதளத்துக்குப் போய்விடுங்கள். மஸ்டாங்கில் நிதானமாக நின்று பார்த்த பழக்கம் இங்கே ஆகாது.

மூக்கைச் சட்டென்று கீழே தள்ளியதும் எஞ்சின் இருமினால், நீங்கள் எடுத்திருப்பது ஸ்பிட்ஃபயரின் தொடக்க கால வகையாகவோ ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானமாகவோ இருக்க வேண்டும். அவற்றின் மிதவைக் கார்புரேட்டர் எதிர்விசையில் எரிபொருள் கொடுக்காது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பணியாற்றிய பொறியாளர் பியட்ரிஸ் ஷில்லிங் 1941-இல் வடிவமைத்த ஒரு சிறு துளைத் தகடுதான் அந்தக் குறையைப் பெருமளவு தணித்தது. மெர்லின் 66-இல் இருப்பது வேறு வகைக் கார்புரேட்டர் என்பதால் அதற்கு இந்த நோய் இல்லை. ஹரிக்கேனில் கீழே பாய வேண்டுமானால் முதலில் பக்கவாட்டில் புரட்டி, பிறகு ஸ்டிக்கை இழுங்கள்.

ஒரு பக்கமே சாய்ந்துகொண்டிருக்கிறது

மஸ்டாங்கில் மூன்று டிரிம்களும் உண்டு. ஸ்பிட்ஃபயரில் விமானி சாய்வுக்கு டிரிம் வைக்க வழியில்லை. இல்லாத சக்கரத்தைத் தேடாமல், வேகத்துக்கு ஏற்ப ரட்டர் டிரிம்மைத் திருத்தி, நழுவல் காட்டும் முள்ளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சாய்வில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

இறங்கும்போது தரை தொட்டதும் துள்ளுகிறது

முதலில் வேகத்தைப் பாருங்கள். மஸ்டாங்கை ஓடுதள விளிம்புக்கு 115, 120 மைலில் கொண்டுவந்து பழகியவர் ஸ்பிட்ஃபயரையும் அப்படியே கொண்டுவந்தால், அது பாதி ஓடுதளம் வரை மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து ஸ்டிக்கைத் தள்ளினால் சக்கரம் மோதித் துள்ளும். ஸ்பிட்ஃபயருக்கு எஞ்சின் துணையோடு 95 முதல் 100 மைல் போதும்.

முன்சக்கரங்கள் எடை மையத்துக்கு முன்னால் இருப்பதால், அவை முதலில் மோதினால் வால் கீழே விழுகிறது, மூக்கு ஏறுகிறது, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது, விமானம் மறுபடி எழும்புகிறது. ஆகவே மூன்று சக்கரங்களும் ஒன்றாகத் தொடும்படி இறங்க வேண்டும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. புறப்படுமுன் ஓடுதளத்தில் நின்றபடியே, எஞ்சின் மூடியின் விளிம்பும் தொடுவானமும் கண்ணாடிச் சட்டத்தில் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். தரையைத் தொடும் நொடியில் திரையில் இருக்க வேண்டிய காட்சி அதுவே. நான் அந்த இடத்தில் திரையின் இருபுறமும் பொட்டளவு வெள்ளை டேப் ஒட்டிவைத்தேன். இரண்டு வாரத்தில் டேப் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்தது.

ஃபிளாப் இன்னொரு பொறி. மஸ்டாங்கில் பத்துப் பத்துப் பாகையாக 50 வரை இறக்கலாம். ஸ்பிட்ஃபயரில் மேலே அல்லது கீழே, இரண்டே நிலைகள். நெம்புகோலைத் தட்டியதும் முழுவதும் இறங்கி மூக்கு தாழும். 160 மைலுக்குக் கீழே வந்த பிறகு, ஸ்டிக்கைச் சற்று இழுக்கத் தயாராக இருந்துகொண்டு இறக்குங்கள். வான்சண்டையில் ‘ஒரு பல் ஃபிளாப்’ போடும் மஸ்டாங் பழக்கத்தையும் புறப்பாட்டில் ஃபிளாப் வைக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும்.

துள்ளிவிட்டால் ஸ்டிக்கை முன்னே தள்ளாதீர்கள். சிறு துள்ளல் என்றால் ஸ்டிக்கை அப்படியே வைத்து, கொஞ்சம் எஞ்சின் கொடுத்து, மறுபடி அமரவிடுங்கள். பெரிய துள்ளல் என்றால் எழும்பிப் போய்விடுங்கள், ஆனால் 80 மைல் வேகத்தில் த்ராட்டிலை முழுவதும் அடித்தால் விமானம் இடப்பக்கம் புரண்டு தலைகீழாகும். பாதிவரை மெல்லத் தள்ளி, வேகம் ஏற ஏற மீதியைக் கொடுக்க வேண்டும்.

முன்னே எதுவும் தெரியவில்லை என்பது குறையாகாது. நீண்ட மூக்குள்ள எல்லா விமானங்களும் அப்படித்தான். நேராக வராமல், கடைசி வரை இடப்பக்கம் வளைந்துகொண்டே வந்தால் ஓடுதளம் பக்கக் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்கும். இப்படி வளைந்து இறங்குவதை, உலகம் முழுவதையும் காட்டும் சிமுலேட்டர் ஒன்றில், நம் மதுரை விமான நிலையத்திலேயே பழகலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். மேற்கு நோக்கிப் புறப்பட்டால் எதிரே திருமங்கலம், வலப்பக்கம் திருப்பரங்குன்றம். இடப்பக்கம் தெற்கே திரும்பிக் கிழக்காக வந்தால், இடத்தோளுக்கு அப்பால், தொலைவில் யானைமலை படுத்திருக்கும். மறுபடி இடப்பக்கம் வளைந்துகொண்டே இறங்க வேண்டும். ஊரை அறிந்த கண்ணுக்கு உயரமும் தூரமும் எண் பார்க்காமலே பிடிபடுகின்றன. சுமார் 2,285 மீட்டர் ஓடுதளம் என்பதால் தவறு செய்ய நிறைய இடமும் உண்டு.

அங்கே வெயிலை 38 பாகைக்கு வைத்தால் ஒரு வேறுபாட்டைக் காண்பீர்கள். அந்தச் சூட்டில் மதுரைத் தரைக் காற்று, சாதாரண நாளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றைப் போல மெலிந்துவிடும். வேகமானி அதே 95-ஐக் காட்டினாலும் தரை கூடுதல் வேகத்தில் ஓடிவரும், புறப்பாட்டு ஓட்டமும் நீளும். கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்துவிடாமல் மானியை நம்புங்கள்.

இறுக்கமாகத் திருப்பும்போது திடீரென்று புரள்கிறது

ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிகள் அடிப்பகுதியைவிடச் சற்றுக் கீழ்நோக்கி முறுக்கப்பட்டிருப்பதால், காற்று முதலில் அடிப்பகுதியில் பிரிந்து, உடல் முழுவதும் அதிர்ந்து எச்சரிக்கும். அந்த அதிர்வு வந்ததும் ஸ்டிக்கை ஒரு நூலளவு தளர்த்தினால் போதும். எலிவேட்டர் இலகுவாக இருப்பதால், மஸ்டாங்கில் பழகிய கை எச்சரிக்கையைத் தாண்டி ஒரே இழுப்பில் இழுத்துவிடுகிறது; புரள்வதற்குக் காரணம் அதுதான். ஜெர்மானிய ஃபோக்க-வுல்ஃப் 190 இவ்வளவு இரக்கம் காட்டாது, பெரும்பாலும் சொல்லாமலே புரளும்.

இரவில் சரியாக ஓடுகிறது, பகலில் கெடுகிறது

மே மாதப் பிற்பகலில், ஓட்டுத் தளத்துக்குக் கீழே உள்ள மாடியறையில் இது நிச்சயம் நேரும். செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, திரையின் ஓட்டம் தடுமாறும். நீங்கள் ஸ்டிக்கை அசைத்ததற்கும் விமானம் அசைவதற்கும் இடையே ஒரு தாமதம் நுழையும். அந்தத் தாமதத்தில் கை அதிகம் திருத்தி, மூக்கு ஆடத் தொடங்கும். எலிவேட்டர் வளைவை மாற்றுமுன் வெப்பநிலையையும் திரைவேகத்தையும் காட்டும் எண்களைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். பெட்டியின் தூசியை ஊதி எடுத்துவிட்டு, திரைவேகத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்தால் பெரும்பாலும் சீராகும்.

நீங்கள் எதையும் தொடாதபோதே ரட்டர் நடுங்கினால், ஜாய்ஸ்டிக்கின் திருகும் அச்சின் உள்ளே திருகலை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி ஏறியிருக்கும். விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் பக்கத்தில் அச்சு தானாகத் துடிக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். கழற்றித் துடைக்கலாம், கையில் ஹால் சென்சார் இருந்தால் மாற்றிவிடுவதே நிரந்தர வழி. மின்வெட்டுக்குப் பிறகு பொத்தான்கள் இடம் மாறியிருந்தால், கருவிகள் வேறு வரிசையில் விழித்திருக்கின்றன. கட்டுப்பாட்டு அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்திருந்தால் மறுபடி ஏற்ற ஒரு நிமிடம் போதும்.

ஸ்பிட்ஃபயர் வந்தது, மஸ்டாங் மறந்துபோகிறது

மூன்றாவது வாரத்தில் இது வரும். மஸ்டாங்கை 95 மைலில் இறக்க முயன்று இறக்கை சரிந்து விழுந்த நாளில், நான் இரண்டையும் கெடுத்துக்கொண்டேன் என்றே வருந்தினேன். அதன்பின் வைத்துக்கொண்ட வழக்கம் இது: ஸ்பிட்ஃபயரில் அமரும் ஒவ்வொரு மாலையும், முதல் பத்து நிமிடம் மஸ்டாங்கில் ஒரு புறப்பாடு, ஒரு சுற்று, ஓர் இறக்கம். இடையில் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்த விமானத்தைத் திறக்குமுன் அதன் எண்களை வாய்விட்டுச் சொல்வேன்.

எண்கள் இரண்டு தபால் அட்டைகளில் இருக்கின்றன, மஸ்டாங்குக்கு நீல மை, ஸ்பிட்ஃபயருக்குச் சிவப்பு மை: புறப்பாட்டு அழுத்தம், ரட்டர் டிரிம், சக்கரம் இறக்கும் வேகம், ஃபிளாப் வேகம், விளிம்பைக் கடக்கும் வேகம், பிரேக் கையிலா காலிலா, வால் சக்கரத்துக்குப் பூட்டு உண்டா. ஓட்டப்போகும் விமானத்தின் அட்டை மட்டும் திரைக்குக் கீழே செருகியிருக்கும். மற்றது மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

ஐந்து மாலைகள் தொடர்ந்து இரண்டு விமானங்களையும் தவறில்லாமல் இறக்கிய பிறகுதான் அண்ணன் மகன் 109-ஐப் பற்றிப் பேச்செடுத்தான். அதற்கு ஒரு பச்சை மைப் பேனா வாங்க வேண்டும்.